எறும்பு கேட்ட கேள்வி

பிப்ரவரி 6

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே இருவரும் நலம். என் முழங்கால் மட்டும் தனிக்கட்சி ஆரம்பித்திருக்கிறது. உன் அத்தானுக்கு ரத்த அழுத்தம் கட்டுக்குள் இருப்பதாக டாக்டர் சொன்னார். என்னோடு குடித்தனம் நடத்தியும் கட்டுக்குள் இருப்பது அதிசயம்தான் என்று அத்தானே சேர்த்துக்கொண்டார். உன் முதுகுவலி எப்படி இருக்கிறது? நாற்காலியை மாற்றினாயா, இல்லை அதே ஆட்டம் காணும் சிம்மாசனம்தானா? போனில் கேட்டால் 'ம்' கொட்டுவாய். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் குடியிருப்புச் சங்கத்துக்கு ஒரு வலைத்தளம் வைப்பதாக முடிவாகியிருக்கிறது. போன வாரம் குழாயில் தண்ணீர் நிற்கப்போகிறது என்று செயலாளர் என்கிற முறையில் நான் போன் குழுவில் அறிவித்தேன். அது காலை வணக்கங்களுக்கும் பூப்படங்களுக்கும் அடியில் புதைந்துபோனது. இங்கே இருக்கும் பல் டாக்டர், நோயாளி ஒருவரை வாயைத் திறக்க வைத்துவிட்டுக் குழாயைத் திருகினால் காற்றுதான் வந்ததாம். அவர் கூட்டத்தில் குதித்த குதியில் தீர்மானம் நிறைவேறிவிட்டது.

காசு கொடுத்துச் செய்ய நமக்கு வழியில்லை. இலவசமாகக் கிடைக்கும் மென்பொருளை எடுத்து நாமே நடத்தலாம் என்று நீச்சல் சொல்லித்தரும் பெண் மூன்றைக் காட்டினாள். பெயர்கள் வாயில் நுழையவில்லை. சின்னத்தை வைத்து யானை, கப்பல், எறும்பு என்று கூப்பிடுகிறோம். தலைவர் ஓய்வுபெற்ற ரயில் ஓட்டுநர் என்பதால் ரயில் படம் போட்டது ஒன்றும் இல்லையா என்று கேட்டார். பல்கலைக்கழகத்தில் சர்வர் அறையைப் பார்த்துக்கொள்கிறவன் நீ. மூன்றில் எது நல்லது என்று சொல். கண்ணாடிக் கடையில் உட்கார்ந்து 'மேல் வரி தெரியுதா, கீழ் வரி தெரியுதா' என்று கேட்கிற எனக்கு இதெல்லாம் என்ன தெரியும்?

ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு யாரோ வருவதாகப் போன தடவை எழுதினாயே, யார் அது? பெண்ணா? நாற்பது தாண்டியாவது உனக்கு நல்ல புத்தி வந்தால் சரி.

வேளைக்குச் சாப்பிடு.

இப்படிக்கு,
அக்கா


பிப்ரவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

தம்பி. முதுகு பரவாயில்லை. நாற்காலியை மாற்றவில்லை, உட்காரும் கோணத்தை மாற்றியிருக்கிறேன். முழங்காலுக்கு ஒத்தடம் கொடு, அதோடு மாடிப்படியில் ஏறி இறங்கி அதிகாரம் செய்வதையும் குறை.

மூன்றுமே ஓப்பன் சோர்ஸ். அதாவது, தையற்காரர் சட்டையோடு வெட்டுக் காகிதத்தையும் சேர்த்துக் கொடுத்துவிடுகிற மாதிரி. யார் வேண்டுமானாலும் பிரித்துப் பார்க்கலாம், தன் அளவுக்கு மாற்றலாம், மாற்றியதைப் பிறருக்கும் தரலாம். யாரோ ஒருவர் மெனக்கெட்டு எழுதி, இன்னொருவர் மெனக்கெட்டுத் திருத்தி, எல்லாம் சொந்த விருப்பத்தில் நடப்பது.

யானையை எடுத்துக்கொள். உலகமே அதைப் பயன்படுத்துகிறது. சிக்கல் வந்தால் கேட்க ஆள் கிடைக்கும். கப்பல் பலமானது, ஆனால் ஓட்டத் தெரிந்தவர் வேண்டும். எறும்பு வேண்டாம். அது ரொம்பச் சின்னது.

ஞாயிறு விருந்தாளியைப் பற்றி நீ நினைப்பது போல ஒன்றும் இல்லை. சாப்பிட்டுவிட்டுப் பாத்திரம் கழுவித் தந்துவிட்டுப் போகிற நல்ல ஆத்மா, அவ்வளவுதான்.

அக்கா, உன் மகளைப் பற்றி ஒரு வார்த்தை எழுதலாமா? நாலு வருஷம் ஆகிறது. கோபித்துக்கொள்ளாதே.

அத்தானுக்கு என் வணக்கம்.

தம்பி


பிப்ரவரி 23

அன்புள்ள தம்பிக்கு,

நலம். உடம்பைப் பார்த்துக்கொள்.

முதலில் உன் கடைசிப் பத்திக்குப் பதில். எழுதாதே. கண் பரிசோதனைப் படிப்பில் சேர்த்துவிட்டேன். பாதியில் நிறுத்திவிட்டு, ஒரு வருஷம் பையை மாட்டிக்கொண்டு கல்லூரிக்குப் போவது போல நடித்தாள். தெரியவந்த அன்று ஏன் என்று கேட்டேன். அவளாகப் போனாள். நான் ஒன்றும் சொல்லவில்லை. இருக்கிற இடத்தில் சௌக்கியமாக இருக்கட்டும். இந்தப் பேச்சு இத்தோடு சரி.

இப்போது யானை. போட்டுப் பார்த்தோம். தமிழ் என்று ஒரு பொத்தான் இருக்கிறது. அழுத்தினால் பாதி தமிழ், பாதி ஆங்கிலம். அந்தப் பாதித் தமிழும் சட்டப் புத்தகத்தை மொழிபெயர்த்த மாதிரி இருக்கிறது. சங்கத்தில் இருக்கும் பேக்கரிக்காரர் பத்து நிமிஷம் முறைத்துப் பார்த்துவிட்டு, "அக்கா, இதைப் படிக்கறதுக்குப் பதிலா நான் இன்னொரு தடவை அடுப்பைக் கழுவிடுவேன்" என்றார். கப்பலைத் திறந்ததும் தலைவர் கொட்டாவி விட்டார்.

எறும்பில் முழுக்கத் தமிழ் இருக்கிறதாம், பேச்சு வழக்கில் நன்றாக இருக்குமாம். பல் டாக்டர் சொன்னார். அவருக்கு எப்படித் தெரியும் என்று கேட்டேன். "யாரோ சொன்னாங்க" என்று மழுப்பினார். சின்னது என்பதைத் தவிர அதில் வேறென்ன குறை? எங்கள் சங்கமும் சின்னதுதானே?

அக்கா


பிப்ரவரி 24

அக்காவுக்கு,

அவசரமாக எழுதுகிறேன், நலம்.

எறும்பு வேண்டாம். பாதுகாப்பு போதாது. அதை எழுதுகிறவர்கள் ஏழெட்டுப் பேர்தான், நாளைக்கே விட்டுவிட்டுப் போகலாம். அதோடு மெதுவாக ஓடும். படங்கள் சரியாக ஏறாது. யானைக்குத் தமிழ் போதவில்லை என்றால் நானே உட்கார்ந்து முழுக்கத் தமிழாக்கித் தருகிறேன். இரண்டு மாதம் கொடு. அதுவரை யாரும் எதையும் தொடவேண்டாம்.

முழங்கால்?

தம்பி


மார்ச் 19

அன்புள்ள தம்பிக்கு,

முழங்கால் இருக்கிறது, நன்றி. அத்தானும் இருக்கிறார்.

சின்ன வயதில் ஜன்னல் கண்ணாடியை உடைத்துவிட்டு, பூனை, காற்று, பக்கத்து வீட்டுப் பந்து என்று ஒரே மூச்சில் மூன்று காரணம் சொன்னாயே, உன் கடிதம் அப்படித்தான் இருந்தது. கூட்டத்தில் வாசித்தேன். நீச்சல்காரப் பெண் எறும்பைச் சோதித்துப் பார்த்து, வேகமாக ஓடுகிறது, படமும் ஏறுகிறது என்றாள். பாதுகாப்புக்கு வேண்டியதை மாதம் தவறாமல் வெளியிடுகிறார்களாம். ஓட்டுக்கு விட்டோம். எறும்பு ஜெயித்தது. எதிர்த்து விழுந்த ஒரே ஓட்டு என்னுடையது, அதுவும் உன் முகத்துக்காக.

ஆனால் தம்பி, இதைக் கேள். அந்த எறும்பு திட்டுகிறது!

தலைவர் கடவுச்சொல்லைத் தப்பாகப் போட்டார். "மறுபடியும் தப்பு. கவனம் எங்க இருக்கு?" என்று திரையில் வருகிறது. ரயில் ஓட்டியவருக்கு வியர்த்துவிட்டது. பேக்கரிக்காரர் ஓர் அறிவிப்பைத் தலைப்பில்லாமல் சேமிக்கப் போனார். "தலைப்பு யார் வைப்பா, பக்கத்து வீட்டுக்காரங்களா?" பல் டாக்டர் பெரிய படம் ஒன்றை ஏற்றினார். "இவ்ளோ பெருசை எங்க கொண்டு போய் வைக்கறது? சின்னதாக் கொண்டா." தேடினால் கிடைக்காதபோது, "வச்ச எடத்துல தேடு. கண்ணைத் திறந்து தேடு." எல்லாம் சரியாகச் செய்து முடித்தால், பாராட்டாவது உண்டா? "சரி. இப்பவாவது செஞ்சியே!"

முதலில் சிரித்தோம். பேக்கரிக்காரருக்கு ஏக குஷி. அவர் வேண்டுமென்றே தப்புச் செய்து வசவு வாங்கிக்கொண்டிருந்தார். அப்புறம் நீச்சல்காரப் பெண் என்னைத் திரும்பிப் பார்த்து, "அக்கா, இது அப்படியே நீங்க பேசற மாதிரி இருக்கு" என்றாள். எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். அத்தான் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். சிரித்துக்கொண்டே எழுந்து வெளியே போனவர் வெகுநேரம் உள்ளே வரவில்லை.

உண்மையைச் சொன்னால் எனக்குத் திக்கென்றுதான் இருக்கிறது. பக்கத்து வீட்டுக்காரர்களை இழுத்துப் பேசுவது நான். வைத்த இடத்தில் தேடு என்பதும் நான். கடையில், வீட்டில், நாள் முழுக்க என் வாயில் வருவது. யாரோ என் வாயைக் கழற்றிக்கொண்டு போய் இந்த மெஷினில் பொருத்தியிருக்கிறார்கள். தமிழாக்கம் செய்தது யார் என்று உனக்குத் தெரிந்திருக்குமே? பெயர் போட்டிருக்கிற இடத்தில் வெறும் 'வாசல்' என்று ஒரு புனைபெயர்தான் இருக்கிறது.

பதில் போடு. தூங்கி வழியாதே.

அக்கா


ஏப்ரல் 14

தம்பி,

நலம் விசாரிக்கக் கை வரவில்லை. போன மாதக் கடிதத்துக்கு நீ பதில் எழுதவில்லை. ஏன் எழுதவில்லை என்று நேற்றிலிருந்து யோசிக்கிறேன்.

நேற்றுச் சங்க அறையில் கூட்டம். பேக்கரிக்காரர் கடையை மூடிவிட்டு மகனோடு இருக்கப் போகிறார். அவருக்கு விடைகொடுத்த கையோடு, "தளத்துல அவர் கணக்கை எடுத்துடும்மா, அப்புறம் மறந்து போகும்" என்றார் தலைவர். புரொஜெக்டர் போட்டிருந்தோம். எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க, அவர் பெயருக்கு எதிரே இருந்த 'நீக்கு' என்பதை அழுத்தினேன்.

ஒருவருடைய கணக்கை நீக்கினால், அவர் இதுவரை எழுதிப் போட்டதையெல்லாம் என்ன செய்வது என்று மென்பொருள் கேட்குமாம். கேட்டது. கண் பரிசோதனைப் பலகையில் முதல் எழுத்து இருக்கிற அளவுக்குச் சுவர் முழுக்க வந்தது.

"இவ சாமானையெல்லாம் தூக்கி வெளியே போட்டுரவா?"

"நம்ம பேக்கரிக்காரர் எப்பய்யா பொம்பளை ஆனாரு?" என்று தலைவர் கேட்க, அறையே அதிர்ந்தது. பேக்கரிக்காரர்தான் எல்லோரையும்விடப் பெரிதாகச் சிரித்தார். மூடத் தெரியாமல் புரொஜெக்டரின் வயரையே பிடுங்கிவிட்டேன்.

தம்பி, அந்த வார்த்தையை நான் ஒருமுறைதான். அதுவும் ஒருத்தியிடம்தான்.

வேண்டாம். அப்போது வீட்டில் வேறு யாரும் இல்லை. அத்தான் வேலைக்குப் போயிருந்தார். மாடிப்படியில்கூட யாரும் இல்லை. பிறகு அது எப்படி ஒரு மெஷினுக்குத் தெரியும்?

வீட்டுக்குத் திரும்பும்போது அத்தான் எனக்கு முன்னால் நடந்தார். கதவைத் திறக்கும்போது, "நீ அப்படிக் கேட்டியா?" என்றார். நான் சாவியைத் தேடுவது போல நின்றேன். சாவி கதவில்தான் இருந்தது.

யார் அது? இப்போதே எழுது.


ஏப்ரல் 15

அக்கா,

அவள்தான்.

உட்கார்ந்துகொண்டு படி. அவள் நன்றாக இருக்கிறாள். எனக்கு இரண்டு தெரு தள்ளி ஓர் அறை எடுத்துத் தங்கியிருக்கிறாள். நூலகத்தில் வேலை பார்க்கிறாள். ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டுக்கு வருவது அவள்தான்.

நாலு வருஷத்துக்கு முன்னால் ஒரே ஒரு பையோடு என் வாசலில் வந்து நின்றாள். "அம்மாகிட்ட சொன்னீங்கன்னா நான் வேற எங்கயாவது போயிடுவேன் மாமா" என்றாள். அவள் முகத்தைப் பார்த்தபோது சொன்னதைச் செய்வாள் என்று தோன்றியது. கண்ணெதிரில் இருக்கிறாளே, அது போதும் என்று வாயை மூடிக்கொண்டேன். உனக்கும் அவளுக்கும் நடுவில் நான் தினமும் திருடன் மாதிரி இருந்தேன் அக்கா.

முதல் குளிர்காலத்தில் அவள் யாரோடும் பேசமாட்டாள். ஒருநாள் என் கணினியில் எறும்பைத் திறந்து காட்டினேன். மொழிபெயர்ப்புப் பக்கத்தில் இடதுபுறம் ஆங்கில வாக்கியங்கள், வலதுபுறம் தமிழுக்கான பெட்டிகள், எல்லாம் காலி. யார் வேண்டுமானாலும் நிரப்பலாம் என்றேன். சும்மா உட்கார்ந்தவள் சாயங்காலம் வரை எழுந்திருக்கவில்லை. படித்துப் பார்த்துவிட்டு, "இது உங்கம்மா ஆச்சே" என்றேன். "யாரு இதைப் பயன்படுத்தப் போறா மாமா" என்றாள். தமிழுக்கு வேறு ஆளே இல்லாததால் திருத்தவும் யாரும் வரவில்லை. அப்படியே வெளியாகிவிட்டது. இன்று பல ஊர்களில் சின்னச் சின்னச் சங்கங்கள் அதை வைத்திருக்கின்றன.

எறும்பு வேண்டாம் என்று நான் தலையால் தண்ணீர் குடித்தது இதனால்தான். வசவுகளுக்காக அல்ல. அந்த ஒரு கேள்விக்காக.

இன்று உன் கடிதத்தை அவளிடம் காட்டினேன். படித்துவிட்டு அதை மடித்துத் தன் பையில் வைத்துக்கொண்டாள்.

தம்பி


மே 20

தம்பிக்கு,

உன் கடிதம் வந்த அன்றே படித்துவிட்டேன். எழுத உட்காருவேன், எழுந்துவிடுவேன். கடையில் ஒரு பெரியவருக்கு வலது கண்ணுக்கு எழுத வேண்டியதை இடது கண்ணுக்கு எழுதிக் கொடுத்துவிட்டேன். கண்ணாடி போட்டுக்கொண்டு போய்த் தூணில் முட்டிக்கொண்டாராம். இத்தனை வருஷத்தில் இப்படி நடந்ததில்லை.

உயிரோடு இருக்கிறாளா என்று தெரியாமல் நான் கிடந்தேன். தெரியுமா உனக்கு? தினமும் யாராவது ஒரு பெண் கடைக்குள் நுழையும்போது முதலில் நம் பெண்ணின் உயரமா என்றுதான் பார்ப்பேன். நீ ஞாயிறுதோறும் அவளுக்குச் சோறு போட்டுக்கொண்டு, எனக்கு முழங்காலுக்கு ஒத்தடம் சொல்லி எழுதிக்கொண்டிருந்தாய். கூடப் பிறந்தவன் செய்கிற வேலையா இது? போட்டாயே, அதற்காக உன்னைக் கையெடுத்துக் கும்பிடவும் தோன்றுகிறது. கன்னத்தில் அறையவும் தோன்றுகிறது.

அதோடு விட்டதா? பல் டாக்டருக்கு எறும்பைப் பற்றிச் சொன்ன அந்த 'யாரோ' யார் தெரியுமா? உன் அத்தான். கடைவாய்ப் பல் அடைக்கப் போன இடத்தில் வாயில் பஞ்சோடு சொல்லியிருக்கிறார். அவள் பத்திரமாக இருக்கிறாள், இதைத் தமிழாக்கினாள் என்று நீ அவருக்கு மட்டும் ரகசியமாகச் சொல்லிவைத்திருக்கிறாய். எல்லோருக்கும் தெரியும், எனக்குத்தான் தெரியாது! "நான் சொன்னா நீ கேட்டிருக்கியா? அவ பேச்சு காதுல விழுந்தா மனசு இளகும்னு நெனச்சேன். அந்த ஒரு வரி உள்ள இருக்குன்னு எனக்குத் தெரியாது" என்கிறார். பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கானது இதுதான். அவரும் இப்போது என்னோடு அளந்துதான் பேசுகிறார்.

நான் அப்படிச் சொல்லவே இல்லை. சொன்னதாகவே வைத்துக்கொண்டாலும், கேள்வியாகத்தானே கேட்டேன்? 'போட்டுரவா' என்று கேட்டால், 'வேண்டாம்மா' என்று ஒரு வார்த்தை சொல்ல வாய் இல்லையா? பதில் சொல்லாமல் போனது அவள்.

அந்த மொழிபெயர்ப்புப் பக்கம் எங்கே இருக்கிறது என்று நீச்சல்காரப் பெண்ணிடம் கேட்டுத் தெரிந்துகொண்டேன். யார் வேண்டுமானாலும் திருத்தம் அனுப்பலாமாம். நீ சொன்ன வெட்டுக் காகிதம்தானே? நானும் கத்தரியை எடுக்கிறேன்.

அக்கா


ஜூன் 28

அன்புள்ள அக்காவுக்கு,

கன்னத்தில் அந்த அறையை வாங்கிக்கொள்கிறேன், நேரில் பார்க்கும்போது.

'கண்ணாடிக்கடை' என்ற பெயரில் வருவது நீதான் என்று கண்டுபிடிக்கத் துப்பறிவாளர் தேவையில்லை. வசவு ஒவ்வொன்றையும் மாற்றி, "தயவுசெய்து தலைப்பைக் குறிப்பிடவும்", "தங்கள் கடவுச்சொல் பொருந்தவில்லை, பொறுத்தருள்க" என்று அனுப்பிக்கொண்டிருக்கிறாய். பொறுத்தருள்கவா? என் வாழ்நாளில் உன் வாயிலிருந்து கேட்காத சொல். வருகிற திருத்தத்தை ஏற்கவும் நிராகரிக்கவும் வேண்டியவள் அவள்தான். தினமும் நூலகத்திலிருந்து வந்ததும் என் வீட்டில் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் படிப்பாள், எல்லாவற்றையும் நிராகரிப்பாள். காரணம் எழுதும் இடத்தில் 'பொருத்தமாக இல்லை' என்று மட்டும் போடுவாள். அவள் சிரித்து நான் பார்த்தே வெகுநாள் ஆயிற்று. 'பொறுத்தருள்க'வுக்குச் சிரித்தாள்.

நேற்று ஒன்று வந்தது. அந்தக் கேள்வி இருக்கிற பெட்டிக்கு. நீ எழுதியதை அப்படியே இங்கே போடுகிறேன்:

"எல்லாத்தையும் அன்னைக்கே உள்ளே எடுத்து வச்சிட்டேன்."

எனக்கு முதலில் புரியவில்லை. கேள்வி இருக்க வேண்டிய இடத்தில் பதிலை எழுதி அனுப்பியிருக்கிறாயே என்று நினைத்தேன். அவளைத் திரும்பிப் பார்த்தேன். "மாமா, அப்படியே வெளியிலதான் கிடந்திருக்கும்னு நெனச்சேன். குப்பைக்காரங்க எடுத்துட்டுப் போயிருப்பாங்கன்னு நெனச்சேன்" என்றாள். திரும்பத் திரும்ப அதையே சொன்னாள். தண்ணீர் கொடுத்தேன், குடிக்கத் தெரியாமல் கையில் வைத்துக்கொண்டிருந்தாள். பிறகு 'ஏற்றுக்கொள்' என்பதை அழுத்திவிட்டு, மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு அழுதாள். நாலு வருஷத்தில் முதல் தடவை.

அடுத்த பதிப்பில் அது வெளியாகிவிடும். இனி எந்த ஊரிலாவது எவராவது ஒரு கணக்கை நீக்கப் போனால், எல்லாத்தையும் அன்னைக்கே உள்ளே எடுத்து வைத்தாயிற்று என்று எறும்பு சொல்லும். பாவம், தலையைப் பிய்த்துக்கொள்வார்கள். நான் அதை மாற்றச் சொல்லப் போவதில்லை.

எனக்கே இத்தனை நாள் சொல்லாமல் இருந்திருக்கிறாயே அக்கா.

தம்பி


ஜூலை 5

அம்மாவுக்கு,

நான் நலம். நீயும் அப்பாவும் நலமா? கடிதம் எப்படி ஆரம்பிப்பது என்று மாமாவிடம் கேட்டேன், முதலில் முழங்காலை விசாரி என்றார். முழங்கால் எப்படி இருக்கிறது?

உன் திருத்தங்களை நிராகரித்ததற்குச் சரியான காரணம் எழுதவில்லை. இப்போது எழுதுகிறேன். அந்தக் காலிப் பெட்டிகளுக்கு முன்னால் உட்கார்ந்தபோது உன்னைக் கிண்டல் செய்யத்தான் ஆரம்பித்தேன். கொஞ்ச நேரத்தில் கிண்டல் போய்விட்டது. யாருமில்லாத ஊரில் நீ பக்கத்தில் நின்று அதட்டுகிற மாதிரி இருந்தது. அதற்காகவே மறுநாளும் உட்கார்ந்தேன். எனக்கு வேறு தமிழ் வராதும்மா. நீ பேசிக் கேட்ட தமிழ்தான். அதனால் 'பொறுத்தருள்க' எல்லாம் முடியாது.

அந்த ஒரு வரியை மட்டும் கோபத்தில் எழுதினேன். அதில் ஒளிக்க ஒன்றுமில்லை. படிப்பை விட்டதைச் சொல்லாமல் ஒரு வருஷம் ஏமாற்றியது தப்பு. ஆனால் நீ என் மெத்தையைச் சுருட்டி, மற்ற சாமானோடு மாடிப்படி ஓரத்தில் வைத்தபோது, அது நிஜமாகவே நடக்கிறது என்று என்னால் நம்ப முடியவில்லை. இன்னமும் சில நாள் காலையில் நம்ப முடிவதில்லை.

தெருமுனையில் நின்றேன். திரும்பிப் பார்த்தால் எல்லாம் வெளியில் கிடக்கும் என்று பயந்து பார்க்கவில்லை.

நிஜமாகவே எல்லாத்தையுமா உள்ளே எடுத்து வச்சே?

மகள்


ஜூலை 6

என் பெண்ணுக்கு,

அம்மா எழுதுகிறேன். நீ நலம் என்று உன் கையெழுத்தில் பார்த்தேன், அது போதும். கடிதத்தை அப்பாதான் பிரித்தார். படித்துவிட்டு அவர் எழுந்து போய் முகம் கழுவிக்கொண்டு வந்தார். மறுபடி படித்தார். மறுபடி முகம் கழுவினார். இப்போது என்னோடு நன்றாகப் பேசுகிறார்.

நிஜமாகவே எல்லாவற்றையும்தான். நீ படி இறங்குகிற சத்தம் அடங்கவில்லை, அதற்குள் மெத்தையை உள்ளே இழுத்துவிட்டேன். நீ திரும்பி வருவாய், வரும்போது வெளியில் கிடந்தால் வருத்தப்படுவாய் என்று நினைத்தேன். கீழே ஓடிவந்து கூப்பிட்டிருக்க வேண்டும். சாமானைத் தூக்கிக்கொண்டிருந்தேன். அப்பா வேலையிலிருந்து வருவதற்குள் எல்லாம் இருந்த இடத்துக்குப் போய்விட்டது. அதனால்தான் அவருக்குக்கூடத் தெரியாது. யாரிடம் சொல்வது? உள்ளே எடுத்து வைத்தேன் என்று சொன்னால், முதலில் வெளியே வைத்ததைச் சொல்ல வேண்டுமே.

மெத்தை இருக்கிறது. மேசைவிளக்கு இருக்கிறது, பல்பு மாற்றியிருக்கிறேன். புத்தகப் பெட்டி இரண்டும் பிரிக்காமல் இருக்கின்றன. நீலப் போர்வை, வார் அறுந்த செருப்பு, காதறுந்த தேநீர்க் கோப்பை, நீ தூக்கிப் போடச் சொல்லி நான் போடாத பழைய கைப்பை.

இன்னும் என்னென்ன என்று எழுதிக்கொண்டிருக்க எனக்கு நேரமில்லை. நேரில் வந்து ஒவ்வொன்றாக எண்ணிப் பார்த்துக்கொள். ஒன்று குறைந்தாலும் என்னைக் கேள்.

அம்மா